மிஷனரி போன கணக்கு: யார் யாரை மாற்றினார்கள்?

ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் வளர்ந்தவர்களிடம் "ரெய்னி ஆஸ்பத்திரி எங்கே?" என்று கேட்டால் தூக்கத்தில்கூட வழி சொல்வார்கள். ஜி.ஏ. ரோடு. வீட்டுக்கு ஒருவராவது அங்கே பிறந்திருப்பார்கள், இல்லை அங்கே பிறந்த ஒருவரைத் தெரிந்திருக்கும். ஆனால் "யாருங்க அந்த ரெய்னி?" என்று கேட்டுப் பாருங்கள். "யாரோ வெள்ளைக்கார டாக்டரம்மா" என்றுதான் பதில் வரும்.

அங்கேதான் தப்பு! கிறிஸ்டினா ரெய்னி டாக்டரே அல்ல. ஸ்காட்லாந்தில் இருந்தபடி பெண்கள் மிஷன் வேலைக்காக உழைத்தவர். ராயபுரத்தில் வந்து நின்று, வெயிலில் வெந்து, ஆஸ்பத்திரியைத் தொடங்கிய டாக்டரம்மா வேறு ஒருவர். அவர் பெயர் மெட்டில்டா மெக்ஃபெயில். ஆஸ்பத்திரியின் பெயரில் அவர் இல்லை. இந்தக் காலத்தில் ஒரு தண்ணீர்ப் பந்தல் வைத்தாலே ஃபிளெக்ஸில் ஆறு பேர் சிரிக்கிறார்கள். அதை நினைத்தால் இது கொஞ்சம் யோசிக்க வைக்கும் விஷயம்.

இந்தப் பதிவு அவரைப் போல, இளம் வயதில் கடல் கடந்து ஊழியம் செய்யப் போனவர்களைப் பற்றியது. அவர்களுடைய விசுவாசம் போன இடத்தில் வளர்ந்ததா? வளர்ந்தது என்றால் அதை எதை வைத்து அளப்பது?

இரண்டு பழைய கதைகள்

மிஷனரி என்றாலே இங்கே இரண்டு கதைகள்தான் ஓடும். முதல் கதையில் அவர் தேவதூதர். எல்லாவற்றையும் துறந்தார், இருண்ட தேசத்துக்கு வந்தார், வெளிச்சம் கொடுத்தார், முடிந்தது. சண்டே ஸ்கூலில் படம் காட்டிச் சொல்லும் கதை இது. இரண்டாவது கதையில் அவர் ஏஜென்ட். வெள்ளைக்காரன் அனுப்பினான், மதம் மாற்ற வந்தார், பள்ளிக்கூடமும் மருந்தும் தூண்டில் புழு. டீக்கடையிலிருந்து டிவி வரைக்கும் சொல்லும் கதை இது.

வேடிக்கை என்னவென்றால், இரண்டு கதைக்கும் அடிப்படை ஒன்றுதான். இரண்டிலும் வந்தவர் மட்டும்தான் வேலை செய்கிறார், உள்ளூர்க்காரர் சும்மா நிற்கிறார். ஒன்றில் வாங்கிக்கொள்கிறார், இன்னொன்றில் ஏமாறுகிறார். அக்கவுன்டன்சி படிக்கிறவர்களுக்குத் தெரியும், பற்று இருந்தால் வரவு இருந்தே ஆக வேண்டும். இந்த இரண்டு கதையும் ஒற்றைப் பதிவு முறையில் எழுதிய கணக்கு. அதனால்தான் டேலி ஆவதில்லை.

சரி, இரட்டைப் பதிவு போட்டுப் பார்ப்போம்.

மணலில் எழுதிய ஜெர்மன்காரர்

1706 ஜூலை 9. டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பிய இரண்டு ஜெர்மன் இளைஞர்கள் தரங்கம்பாடியில் வந்து சேர்ந்தார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்க். மறுநாள்தான் அவருக்கு 24 வயது முடிகிறது. இன்னொருவர் ஹென்ரிக் புளுட்சோ. வரவேற்பு எப்படி? மாலை, மேளம் எல்லாம் இல்லை. கோட்டையில் இருந்த டேனிஷ் அதிகாரிகளுக்கே இவர்களைப் பிடிக்கவில்லை. மன்னரின் கடிதம் கையில் இருந்தும் நாதியில்லாமல் நிற்க வேண்டியிருந்தது.

சீகன்பால்க் வந்த புதிதில் செய்த ஒரு காரியம் இருக்கிறது. ஒரு கோயில் பக்கம் போனவர், அங்கே இருந்த உருவங்களைத் தட்டி உடைத்தார். அதைப் பார்த்த தமிழர் ஒருவர் ஓடி வந்து, "ஐயா, இதெல்லாம் கடவுள் இல்லை, கடவுளின் காவலாளிகள்" என்று விளக்கம் சொன்னார். எதை உடைக்கிறோம் என்பதே தெரியாமல்தான் உடைத்தார் அந்த இளைஞர். அன்றைக்கு அவரிடம் விசுவாசம் நிறைய இருந்தது. அறிவுதான் இல்லை.

அடுத்து அவர் செய்ததுதான் முக்கியம். ஒரு வயதான திண்ணைப் பள்ளி வாத்தியாரைத் தன் வீட்டிலேயே பள்ளிக்கூடம் நடத்தச் சொன்னார். சின்னப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பல்கலைக்கழகம் பார்த்தவர், பிரசங்கம் பண்ண வந்தவர், ஐந்து வயசுப் பையனோடு சேர்ந்து எழுத்துக் கற்கிறார். இதைவிடப் பெரிய தபசு என்ன இருக்கிறது?

பிறகு ஓலைச்சுவடிகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். 1708க்குள் நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ் நூல்களுக்குப் பட்டியல் போட்டுவிட்டார், அதில் திருக்குறளும் உண்டு. தமிழர்களை நாகரிகமில்லாதவர்கள் என்று தானும் நினைத்திருந்ததாகவும், அவர்கள் நூல்களைப் படித்த பிறகு அந்த எண்ணம் போய்விட்டதாகவும் ஐரோப்பாவுக்கு எழுதினார். உருவங்களை உடைத்த அதே ஆள் 1713ல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி விரிவாக ஒரு நூலை முடித்தார். அனுப்பி வைத்தால் ஹாலேயில் இருந்த அவருடைய குரு ஃபிராங்கே, 'அந்த மதத்தை ஒழிக்கத்தான் உங்களை அனுப்பினோம், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை' என்கிற தோரணையில் அச்சிட மறுத்துவிட்டார். அந்த நூல் அச்சேறியது 1867ல், அதுவும் நம் சென்னையில். 150 வருஷத்துக்கு மேல் கிடப்பில் கிடந்தது!

இதையும் சொல்லிவிட வேண்டும். சீகன்பால்க் கடைசி வரை கிறிஸ்தவ மிஷனரிதான். விக்கிரக வழிபாட்டை அவர் ஒப்புக்கொள்ளவே இல்லை. 1715ல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்ததுதான் தன் பெரிய வேலை என்று நினைத்திருப்பார். ஆனால் வந்த நாளில் இருந்த விசுவாசமும், 1719ல் 36 வயதில் சாகும்போது இருந்த விசுவாசமும் ஒன்றல்ல. முதலாவது, எதிரில் இருப்பவனைப் பார்க்காத விசுவாசம். இரண்டாவது, பார்த்து, படித்து, மதித்து, அதற்குப் பிறகும் நின்ற விசுவாசம். வளர்ச்சி என்றால் இதுதான்.

பற்றுப் பக்கமும் உண்டு. தரங்கம்பாடி மிஷன் சபைகளில் சாதி வாரியாக உட்காரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. புதிய மதம் வந்தும் பழைய திண்ணை போகவில்லை. இதை மறைத்துவிட்டு எழுதும் கணக்கு எந்த ஆடிட்டிலும் பாஸ் ஆகாது.

ராயபுரம் டாக்டரம்மா

இனி நம்ம ஏரியா. மெட்டில்டா மெக்ஃபெயில் 1860ல் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவில், ஒரு போதகர் வீட்டில் பிறந்தவர். லண்டன் பெண்கள் மருத்துவப் பள்ளியில் படித்தார். பிரிட்டனில் பெண்கள் டாக்டருக்குப் படிக்க இடம் கிடைக்காமல் போராடி, 1874ல் தாங்களே தொடங்கிய பள்ளி அது. நம் மெட்ராஸ் மருத்துவக் கல்லூரி 1875லேயே பெண்களைச் சேர்த்துக்கொண்டது என்பதையும் இங்கே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 'முன்னேறிய தேசம், பின்தங்கிய தேசம்' என்று கோடு கிழிப்பவர்களுக்கு இது கொஞ்சம் இடிக்கும்.

1888ல் ஃப்ரீ சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்தின் மருத்துவ மிஷனரியாக மெட்ராஸ் வந்தபோது அவருக்கு 27, 28 வயது. இன்றைக்கு அந்த வயதில் நம் ஆட்கள் 'ஆன்சைட்' கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவர் வந்தது துறைமுகமும் ரயில்வேயும் ஆட்களை இழுத்துக்கொண்டிருந்த வட சென்னைக்கு. ராயபுரம் ரயில் நிலையம் 1856லேயே வந்துவிட்டது. படகோட்டிகள், கூலிகள், மீனவர்கள் என்று உழைக்கும் ஜனம் நெருக்கிக்கொண்டு வாழ்ந்த இடம். ஆண் டாக்டரிடம் போக மாட்டேன் என்று வீட்டுக்குள்ளேயே பிரசவத்தில் செத்துப்போன பெண்கள் அந்தக் காலத்தில் எத்தனையோ பேர். கோஷா ஆஸ்பத்திரி 1885ல்தான் தொடங்கியிருந்தது. வட சென்னைப் பெண்களுக்கு அது தூரம்.

மெக்ஃபெயில் ஒரு சின்ன மருந்தகமாக ஆரம்பித்தார். பிறகு பங்களாவிலேயே ஆஸ்பத்திரி. 1914ல் ராயபுரத்தில் ஆஸ்பத்திரிக்குச் சொந்தக் கட்டடம் எழுந்தபோது கிறிஸ்டினா ரெய்னியின் பெயர் வைக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் முதல் உலகப் போர் வந்தது. ஸ்காட்டிஷ் பெண்கள் மருத்துவமனைகள் என்ற அமைப்போடு ஐரோப்பாவுக்குப் போய்ச் சேவை செய்தார். போர் முடிந்ததும் ஊரிலேயே இருந்துவிடலாம், வயது 58 ஆகிவிட்டது. இருக்கவில்லை. மறுபடி மெட்ராஸ் வந்தார். 1920களின் கடைசியில் ஓய்வு பெறும்போது ஏறத்தாழ 40 வருஷம் ஆகியிருந்தது. 1946ல் இறந்தார்.

இவருடைய கணக்கையும் நேர்மையாகப் போட வேண்டும். ஒன்று, இது முழுக்கத் தியாகம் மட்டும் அல்ல. பெண் டாக்டர் என்றால் முகம் சுளித்த சொந்த நாட்டில் கிடைத்திருக்காத பொறுப்பும் மரியாதையும் அவருக்கு ராயபுரத்தில் கிடைத்தது. நாம் அவரிடம் வாங்கியது போலவே அவரும் நம்மிடம் வாங்கினார். இரண்டு, காத்திருக்கும் நோயாளிகளுக்கு பைபிள் வாசித்துக் காட்டுவது அந்தக் கால மிஷன் ஆஸ்பத்திரிகளின் வழக்கம். வயிற்று வலியோடு உட்கார்ந்திருப்பவரிடம் பிரசங்கம் பண்ணுவது சரியா என்று கேட்டால், சரியில்லைதான். எழுந்து போக முடியாதவரிடம் பேசுவது உரையாடல் ஆகாது.

ஆனால் நடந்தது என்ன? மருந்து வாங்கியவர்களில் பெரும்பாலோர் தங்கள் சாமியையும் விடவில்லை, டாக்டரம்மாவையும் விடவில்லை. நம் ஜனங்கள் அவ்வளவு ஏமாளிகள் இல்லை. வேளாங்கண்ணிக்கும் போவார்கள், திருவொற்றியூர் வடிவுடையம்மனுக்கும் போவார்கள், தர்காவில் மந்திரித்துக்கொண்டும் வருவார்கள். தூண்டில் புழுக் கதை சொல்கிறவர்கள் மிஷனரியை அவமதிப்பதைவிட அதிகமாக நம் பாட்டிகளைத்தான் அவமதிக்கிறார்கள்.

அப்படியானால் மெக்ஃபெயில் தோற்றுப்போனாரா? மதம் மாறியவர்கள் எத்தனை என்று எண்ணினால் அப்படித்தான் தோன்றும். ஆனால் எண்ணிக்கை பெரிதாக வராது என்று தெரிந்தும் 40 வருஷம் அதே தெருவில் நின்றாரே, அது எந்த விசுவாசம்? பலன் கிடைத்தால்தான் செய்வேன் என்பது முதலீடு. பலன் எப்படி வந்தாலும் செய்வேன் என்பதுதான் விசுவாசம். கிறிஸ்தவர் அல்லாதவர்களுக்கும் இது புரியும், கீதை படித்தவர்களுக்கு இன்னும் நன்றாகவே புரியும்.

சின்ன எழுத்தில் போன பெயர்கள்

மிஷனரி கதைகளில் எப்போதும் விட்டுப்போகும் ஒரு பக்கம் இருக்கிறது. பில்லில் பாதியை யார் கட்டினார்கள் என்ற பக்கம்.

சீகன்பால்குக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அழகப்பன். மிஷனரிகளுக்கு உதவியதற்காக அவர் ஊரை விட்டே விரட்டப்பட்டார். சீகன்பால்கும் 1708 நவம்பரில் டேனிஷ் கவர்னரால் சிறையில் போடப்பட்டு நான்கு மாதம் கிடந்தார், அது எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. அழகப்பனை எத்தனை பேருக்குத் தெரியும்? சிறையிலிருந்து வெளியே வந்தவருக்குச் சிலை. ஊர் இழந்தவருக்கு அடிக்குறிப்பு.

இது பழைய கதை மட்டும் இல்லை. 2018 நவம்பரில் ஜான் ஆலன் சாவ் என்ற 26 வயது அமெரிக்க இளைஞர் அந்தமானில் உள்ள வடக்கு சென்டினல் தீவுக்குச் சட்டத்தை மீறிப் போனார். அங்கே இருக்கும் ஆதிவாசிகள் வெளியாட்களை விரும்பாதவர்கள். வெளியிலிருந்து வரும் சாதாரணக் காய்ச்சல்கூட அவர்களை அழித்துவிடலாம் என்பதால்தான் அந்தத் தடையே. அவர் கொல்லப்பட்டார். உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. சிலர் தியாகி என்றார்கள், சிலர் முட்டாள் என்றார்கள். காசு வாங்கிக்கொண்டு படகில் கொண்டுபோய் விட்ட மீனவர்கள் கைதானார்கள். அவர்களைப் பற்றி யார் பேசினார்கள்? காசிமேட்டில் இருக்கிறவர்களுக்கு அந்தப் படகுக்காரர்களின் நிலைமை சொல்லாமலே புரியும்.

அந்த இளைஞரின் விசுவாசம் பொய் என்று சொல்லவில்லை. உயிரைக் கொடுப்பவனிடம் பொய் இருக்காது. ஆனால் அது எதிரில் இருப்பவனைப் பார்க்காத விசுவாசம். உருவங்களை உடைத்த சீகன்பால்க் நின்ற அதே இடம். சீகன்பால்கைத் திருத்த ஒரு தமிழர் ஓடி வந்தார், அவரும் காது கொடுத்துக் கேட்டார். சாவ் போன இடத்திலோ, வராதே என்று அம்பு விட்டுச் சொல்லியும் அவர் மறுபடி போனார். இரண்டு பேருக்கும் உள்ள வித்தியாசம் தைரியத்தில் இல்லை, காதில் இருக்கிறது.

நண்பர்கள் எங்கே?

இதையெல்லாம் 1910லேயே ஒரு தமிழர் உலக மேடையில் சொல்லிவிட்டார். வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1874ல் திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1902ல் யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் சொந்தக் காசில் மிஷனரி வேலை நடத்துவதைப் பார்த்தார். நம் ஊரில் ஏன் இல்லை என்று உறைத்தது. 1903ல் திருநெல்வேலியில் இந்தியன் மிஷனரி சொசைட்டி பிறந்தது. அப்போது அவருக்கு 28 வயது. காசும் ஆளும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்பது திட்டம். 1909ல் அவரே தெலுங்கு பேசும் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். 1912ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார்.

நடுவில் 1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் 20 பேர்கூட இல்லை. அங்கே 35 வயது அசரியா எழுந்து, வெள்ளைக்கார மிஷனரிகள் எவ்வளவோ கொடுத்திருக்கிறார்கள், ஒப்புக்கொள்கிறோம், ஆனால் எங்களோடு சமமாகப் பழகவில்லை, எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்ற பொருளில் பேசி முடித்தார். அவையில் பலருக்குச் சங்கடம். விருந்துக்குக் கூப்பிட்ட வீட்டில் உப்பு இல்லை என்று சொன்ன மாதிரி.

நூறு வருஷம் தாண்டியும் அந்தக் கேள்வி பழசாகவில்லை. இன்றைக்கு வெளிநாட்டிலிருந்து இங்கே வருகிறவர்களுக்கு மட்டும் இல்லை, தமிழ்நாட்டிலிருந்து ஒடிசாவுக்கும் பீகாருக்கும் ஆப்பிரிக்காவுக்கும் ஊழியம் என்று போகிற நம் பிள்ளைகளுக்கும் அதே கேள்விதான். போன இடத்தில் உனக்கு நண்பர்கள் இருக்கிறார்களா? இல்லை, உதவி வாங்குகிறவர்கள் மட்டும்தான் இருக்கிறார்களா?

இப்போது இரண்டு வார மிஷன் பயணங்கள் பெருகிவிட்டன. ஏர்போர்ட்டில் ஒரு படம், குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஒரு படம், திரும்பி வந்து சபையில் சாட்சி. 'என் விசுவாசம் வளர்ந்தது' என்று சொல்வார்கள். வளர்ந்திருக்கலாம். ஆனால் அது டே டிரேடிங். காலையில் வாங்கி மாலையில் விற்கிற லாபம். நீண்ட கால முதலீட்டில்தான் நஷ்டமும் தெரியும், மதிப்பும் தெரியும்.

இது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் என்று மற்றவர்கள் தப்பித்துக்கொள்ள முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் கலந்தது நினைவிருக்கும். எத்தனையோ பேர் வந்தார்கள், படம் எடுத்தார்கள், அரிசி மூட்டை கொடுத்தார்கள், போனார்கள். படகில் நின்று கைகளால் எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தது அந்த ஊர் மீனவர்கள். கொடுத்த அரிசி தப்பில்லை. ஆனால் அடுத்த மாதம் அந்த ஆற்றில் இறால் இருக்கிறதா என்று கேட்க எத்தனை பேர் திரும்பி வந்தார்கள்?

கணக்கை முடிப்போம்

திருவொற்றியூர் கடற்கரையில் பட்டினத்தார் சமாதி இருக்கிறது. கப்பல் வணிகம் செய்த பெரும் செல்வந்தர், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து அடங்கிய இடம் என்று சொல்வார்கள். கையில் எதுவும் எடுத்துப் போக முடியாது என்பது வட சென்னைக்குப் புதிய பாடம் இல்லை. எடுத்துப் போக முடியாது என்றால் விட்டுப் போவது என்ன என்பதுதான் கேள்வி.

கடல் கடந்து சேவை செய்யப் போகிற எந்த இளைஞரையும் மூன்று கேள்வி கேட்கலாம். அந்த ஊர் மொழியில் பேசக் கற்றுக்கொண்டாயா? அந்த ஊர்க்காரர் யாராவது உன்னைத் திருத்தினார்களா, நீ கேட்டாயா? நீ போன பிறகு உன் பெயர் இல்லாமலே அந்த வேலை நடக்குமா? மூன்றுக்கும் ஆமாம் என்றால், விசுவாசம் வளர்ந்தது என்று தைரியமாகச் சொல்லலாம். ஒன்றுக்கும் ஆமாம் இல்லை என்றால், வளர்ந்தது ஆல்பம் மட்டும்தான்.

ரெய்னி ஆஸ்பத்திரி இன்று தென்னிந்தியத் திருச்சபையின் கையில் இருக்கிறது. நடத்துகிறவர்கள் நம் ஊர்க்காரர்கள், வருகிறவர்களும் நம் ஊர்க்காரர்கள். தொடங்கியவர் பெயர் வாசலில் இல்லை, யாருக்கும் அது ஒரு குறையாகவும் தெரியவில்லை. ஒரு மிஷனரிக்கு அதைவிட நல்ல ஆடிட் ரிப்போர்ட் கிடைக்காது.